மீனுக்கு விலை தெரியுமா?

தையல் கடையில் ஒரு நூல் இருக்கிறது.

இழுத்தால் நீளும். விட்டால் சுருங்கும். தொட்டால் பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும்.

நீளும் துணிகளுக்கு ஓரம் அடிக்கிற நூல் அது. அதை வைத்து மீன் பிடிக்க முடியுமா?

முடியும்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிடிக்கிறார்கள்.

நூலைத் தூண்டில் கயிறாகக் கட்டி அல்ல. நூலை முள்ளில் சுற்றி, பூச்சிபோலச் செய்து, மீனை ஏமாற்றிப் பிடிக்கிறார்கள்.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் அங்கே உண்டு. "தூண்டில் ஈ கட்டுவது பெரிய கலை. அதற்கென்று தனி நூல் இருக்கிறது. தனி இறகு இருக்கிறது. தையல் பெட்டியில் கிடப்பதை எல்லாம் முள்ளில் சுற்றலாமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

யார் பக்கம் நியாயம்?

தையல் நூலின் பக்கமே நியாயம்! அது மலிவு என்பதற்காக மட்டும் அல்ல. "விலை கூடியதுதான் உயர்ந்தது" என்ற மோகம் மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்த்தால், காரணம் தானே புரியும்.

பொய் ஈ

குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் டிரவுட் என்ற மீன் வாழ்கிறது. பூச்சிகளே அதன் முக்கிய உணவு.

அந்தப் பூச்சிகளில் பல, வாழ்நாளின் பெரும் பகுதியைத் தண்ணீருக்குள்ளேதான் கழிக்கின்றன. கல்லுக்கு அடியிலும் பாசிக்கு நடுவிலும் குஞ்சுப் பூச்சியாக மாதக்கணக்கில் ஊர்ந்து திரிகின்றன. பிறகு ஒரு நாள் மேலே வந்து, தோலை உரித்து, சிறகு விரித்துப் பறக்கின்றன. சிலவற்றுக்கு அந்தச் சிறகு வாழ்க்கை ஒரே நாள்தான். ஈசலைப்போல!

மீன் என்ன செய்கிறது? சிறகு முளைக்கும்வரை காத்திருப்பதில்லை. தண்ணீருக்குள் குஞ்சாக இருக்கும்போதே பிடித்துத் தின்றுவிடுகிறது.

அந்தப் பூச்சியைப் பிடித்து முள்ளில் குத்தினால் என்ன? குத்த முடியாது. அது மிகச் சிறியது. மிக மெல்லியது. தொட்டாலே நசுங்கிவிடும்.

அதனால்தான் மனிதன் பொய் ஈ செய்தான். சிறு முள்ளை எடுத்து, அதன்மேல் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, பூச்சிபோல் ஆக்கினான்.

விரல் நகத்தைவிடச் சிறிய பொருள். ஆனால் அதைக் கட்ட ஒரு தொழில் வேண்டும். கை பழக வேண்டும். கண் பழக வேண்டும்.

கட்டுகிற பொருள் எதுவாக இருக்க வேண்டும்? சண்டை அங்கேதான் தொடங்குகிறது!

இழுத்தால் மெலியும், விட்டால் பருக்கும்

முதலில் அந்த நூலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனியனை இழுத்தால் நீள்கிறது. நீளாத நூலால் அதைத் தைத்தால் என்ன ஆகும்? துணி நீளும். நூல் நீளாது. 'பட்'டென்று தையல் விட்டுப்போகும்.

துணி நீளும்போது நூலும் நீள வேண்டும். அதற்காக வந்ததுதான் நீளும் தையல் நூல். ஓவர்லாக் இயந்திரத்தில் போட்டு ஓரம் அடிக்க இது உதவுகிறது. இந்த வகையில் பேர்பெற்றது, கம்பளிபோல் புசுபுசுவென்று இருக்கும் நைலான் நூல்.

நைலான் பிறந்தது 1935-இல். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில், வாலஸ் கரோதர்ஸ் என்ற ரசாயன நிபுணரின் குழு அதை உண்டாக்கியது. அப்போது அது வழுவழுப்பான இழை. நேரான இழை.

அது எப்படிச் சுருள் நூலாக மாறியது?

கூந்தலைச் சுருட்டிச் சூடுபடுத்தினால் சுருள் விழுகிறது அல்லவா? அதே வேலைதான். நைலான் இழையை இறுக முறுக்குகிறார்கள். முறுக்கியபடியே சூடு காட்டுகிறார்கள். பிறகு ஆறவிட்டு, முறுக்கைப் பிரிக்கிறார்கள்.

முறுக்கு போய்விடும். சுருள் போகாது!

சூட்டில் பிடித்த வடிவத்தை நைலான் மறப்பதில்லை. ஆகவே ஒவ்வோர் இழையும் சிறு சிறு சுருளாக நிற்கிறது. இழுத்தால் சுருள் நிமிர்கிறது. நூல் மெலிகிறது. விட்டால் சுருள் திரும்புகிறது. நூல் பருக்கிறது.

இதை ரப்பர் நூல் என்று நினைத்துவிடக் கூடாது. ரவிக்கைக் கையில் சுருக்கு வைக்க உதவும் எலாஸ்டிக் நூல் வேறு. அதன் உள்ளே ரப்பர் இருந்தால் நாளடைவில் வெயில் பட்டு இற்றுப்போகும். இந்த நைலான் நூலில் ரப்பர் கிடையாது. நீளும் குணம் சுருளில்தான் இருக்கிறது.

ஒரே நூல், மூன்று வேலை

இந்தக் குணம் பொய் ஈக்கு எப்படி உதவுகிறது?

தண்ணீர்ப் பூச்சியின் உடம்பைப் பார்க்க வேண்டும். வால் பக்கம் ஒல்லி. போகப்போகப் பருமன். தோள் பக்கம் நல்ல தடிப்பு.

சாதாரண நூலால் அந்த உருவத்தைக் கொண்டுவருவது சிரமம். ஒரு சுற்று, அதன்மேல் இன்னொரு சுற்று, அதன்மேல் வேறொன்று என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.

நீளும் நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. வால் பக்கம் இறுக்கி இழுத்துச் சுற்ற வேண்டும். நூல் ஒட்டி, மெல்லியதாகப் படியும். நடுவில் கொஞ்சம் பிடி தளர்த்த வேண்டும். நூல் சற்றே பருக்கும். தோள் பக்கம் நன்றாகத் தளர்த்த வேண்டும். 'புஸ்' என்று உப்பிக்கொள்ளும்!

ஒரே நூல். ஒரே ஓட்டம். விரலின் இறுக்கம் மட்டும் மாறுகிறது. பூச்சியின் உடம்பு வந்துவிடுகிறது!

இன்னும் ஒரு நன்மை. தோள் பக்கத்தில் ஊசி முனையால் லேசாகக் கிளறிவிட்டால், சிறு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரில் அவை அசையும். பார்ப்பதற்குப் பூச்சியின் கால்கள்!

மூன்றாவது நன்மை, நைலான் தண்ணீரில் அழுகுவதில்லை. மீனின் பற்கள் பட்டுச் சில இழைகள் அறுந்தாலும், மற்ற இழைகள் நிற்கும்.

கட்டுவது எப்படி?

வேலை இதுதான்.

மேசை விளிம்பில் ஒரு சிறு இடுக்கி. அது முள்ளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதலில் மெல்லிய கட்டு நூலை முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வழுக்கும் இரும்பின்மேல் மற்றப் பொருள்கள் நழுவாமல் நிற்க அதுவே அடித்தளம்.

வாலுக்கு இரண்டு மூன்று சேவல் இறகு இழைகள் போதும். பிறகு மெல்லிய செம்புக் கம்பி ஒன்றையும், நீளும் நூலின் நுனியையும் வால் பக்கத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது நீளும் நூல். வாலில் இறுக்கம், தோளில் தளர்ச்சி. அதன்மேல் செம்புக் கம்பியை இடைவெளி விட்டு வளையம் வளையமாகச் சுற்ற வேண்டும். பூச்சியின் உடம்பில் உள்ள வரிகள்போல் அது தெரியும். நூலையும் காக்கும். கனமும் கொடுக்கும். ஈ தண்ணீருக்குள் இறங்க அந்தக் கனம் வேண்டும்.

கடைசியில் தலைப்பக்கம் மெல்லிய கட்டு நூலால் முடிச்சு. முடிச்சின்மேல் ஒரு சொட்டு வார்னிஷ். முடிந்தது வேலை!

செலவு என்ன?

இந்த நூல் பெரும்பாலும் பெரிய கட்டையாக வருகிறது. ஒரு கட்டையில் 1,000 மீட்டர்கூட இருக்கும். ஓர் ஈக்கு ஒரு மீட்டர் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 1,000 ஈ கட்டலாம். ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் தூண்டில் போட்டாலும் அந்தக் கட்டை தீருமா என்பது சந்தேகம்தான்!

"இது பரம்பரைக்கு விரோதம்!"

சரி. எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும்.

"எங்கள் முன்னோர்கள் இறகு வைத்துக் கட்டினார்கள். தையல் நூல் வைத்துக் கட்டுவது பரம்பரைக்கு விரோதம்" என்பது அவர்கள் சொல்லும் முதல் குற்றச்சாட்டு.

முன்னோர்கள் என்ன செய்தார்கள்?

பொய் ஈயைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான வர்ணனை சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முந்தியது. ஏலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர் அதை எழுதி வைத்தார். மாசிடோனியா நாட்டில் ஓர் ஆற்றங்கரை ஜனங்கள், முள்ளின்மேல் ஒரு பொருளைச் சுற்றி மீன் பிடித்தார்களாம்.

அது என்ன பொருள்? தங்கமா? மயில் இறகா?

சிவப்புக் கம்பளி நூல்! அதோடு சேவலின் இறகு இரண்டு. அவ்வளவுதான்.

ஆட்டு ரோமத்தில் நூற்றது. வீட்டில் இருந்தது. கோழிக்கூட்டில் விழுந்தது. அந்த ஏழை ஜனங்கள் அதைக்கொண்டே கட்டினார்கள்.

1496-இல் இங்கிலாந்தில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் அச்சாகியது. ஆங்கிலத்தில் அந்த விஷயத்தைப் பற்றி முதல்முதலில் அச்சேறிய நூல் அதுதான். அதில் 12 வகை ஈக்களுக்குக் குறிப்பு இருக்கிறது. அவற்றில் பலவற்றின் உடம்பு எதனால் ஆனது? அதுவும் கம்பளி நூல்தான்!

ஆக, பரம்பரை என்பது நூல்தான். பகட்டு இறகு நடுவில் வந்த வழக்கம்.

இறகுப் பைத்தியம்

அந்த வழக்கம் எப்போது வந்தது?

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் கப்பல்கள் உலகம் எங்கும் போயின. திரும்பி வரும்போது விதவிதமான பறவைத் தோல்களைக் கொண்டுவந்தன. சீமாட்டிகளின் தொப்பிகளுக்கே அவற்றில் பெரும் பகுதி போயிற்று. ஒரு பகுதி தூண்டில்காரர்களின் மேசைக்கு வந்தது.

சால்மன் என்ற பெரிய மீனுக்கு ஈ கட்டுவதில் பிரபுக்கள் போட்டி போட்டார்கள். ஒரு ஈயில் பத்துப் பன்னிரண்டு பறவைகளின் இறகுகள் வேண்டும் என்றார்கள். தென் அமெரிக்காவின் நீலப் பறவை, டூக்கான் பறவையின் மார்பு இறகு, 'இந்தியக் காகம்' என்ற பறவையின் சிவந்த இறகு...

பெயர்தான் இந்தியக் காகம். பறவை இந்தியாவைச் சேர்ந்ததும் அல்ல, காகமும் அல்ல. அதுவும் தென் அமெரிக்கப் பறவைதான்!

ஆனால் உண்மையாகவே இந்தியாவிலிருந்து போன இறகும் ஒன்று உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி. அதன் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகு வைத்தாற்போல் பளபளக்கும் புள்ளி இருக்கிறது. பொய் ஈக்குக் கண் வைக்க அதுதான் வேண்டும் என்றார்கள். நீலகிரிக் காட்டில் கூவிய சேவலின் கழுத்து, ஸ்காட்லாந்து ஆற்றில் மூழ்கியது!

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு.

சால்மன் மீன் முட்டையிடுவதற்காகக் கடலைவிட்டு ஆற்றுக்கு வருகிறது. ஆற்றுக்குள் வந்துவிட்டால் அது இரை தேடுவதை நிறுத்திவிடுகிறது. தின்பதற்காக அல்ல, ஏதோ சீற்றத்தாலோ பழக்கத்தாலோதான் ஈயைக் கவ்வுகிறது.

பசியே இல்லாத மீனுக்கு, பன்னிரண்டு பறவைகளின் இறகில் விருந்து! அந்த விருந்து மீனுக்கா? மனிதனின் பெருமைக்கா?

நல்லவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இறகுத் தொப்பியை எதிர்த்து 1889-இல் இங்கிலாந்துப் பெண்கள் சங்கம் அமைத்தார்கள். 1921-இல் இறகு இறக்குமதியைத் தடுக்க அங்கே சட்டம் வந்தது. இந்தியாவில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழிக்கும் காவலாக நிற்கிறது.

சட்டம் வந்தது. மோகம் போயிற்றா?

கண்ணாடியை உடைத்த வாலிபன்

2009-ஆம் ஆண்டு, ஜூன் மாதம். இரவு நேரம்.

லண்டனுக்கு அருகே டிரிங் என்ற ஊர். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தோல்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கட்டிடத்தின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே புகுந்தான்.

கையில் பெட்டி. இழுப்பறைகளைத் திறந்தான். பறவைத் தோல்களை அள்ளி அள்ளி அடைத்தான். போய்விட்டான்.

மொத்தம் 299 பறவைகள்!

யார் அவன்? பசியால் திருடியவனா? இல்லை. லண்டனில் சங்கீதக் கல்லூரியில் படித்த மாணவன். புல்லாங்குழல் வாசிப்பவன். சிறு வயதிலிருந்தே சால்மன் ஈ கட்டுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

அவன் எடுத்த தோல்களில் சில, ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற விஞ்ஞானி சேகரித்தவை. மலேயாத் தீவுகளில் 1854 முதல் 1862 வரை காட்டிலும் மேட்டிலும் அலைந்து அவர் சேர்த்த செல்வம்! ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு உண்டு. எந்த ஊரில், எந்த நாளில் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும்.

அந்தச் சீட்டு இருந்தால் பறவை ஒரு சாட்சி. பழைய இறகைச் சோதித்து, அந்தக் காலத்துக் கடலில் எவ்வளவு பாதரசம் கலந்திருந்தது என்பதைக்கூட விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறார்கள். சீட்டு போனால் அந்தச் சாட்சி ஊமை ஆகிவிடும்.

போலீசார் அவனைப் பிடித்தபோது, முழுத் தோலாக மீண்டவை 174. அவற்றிலும் சீட்டோடு இருந்தவை 102 மட்டுமே. மற்றவை? இறகு இறகாகப் பிய்ந்து பலர் கைக்குப் போயின!

2011-இல் கோர்ட்டு அவனுக்கு 12 மாதத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. அவன் சிறைக்குப் போகவில்லை. ஆனால் நூறு நூற்று ஐம்பது ஆண்டு காத்த பொருளை எந்தக் கோர்ட்டு திருப்பித் தர முடியும்?

அவன் கட்ட நினைத்த ஈக்களில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்க்காதவை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அழகு பார்ப்பவை!

"இதற்கும் தையல் நூலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. பொருளின் விலையில்தான் கலையின் உயர்வு இருக்கிறது என்று ஒருவன் நம்பிவிட்டால், அடுத்த படி ஆசை. அதற்கு அடுத்த படி கள்ளத்தனம். இறகு பிடித்த எல்லாரும் திருடர்கள் அல்ல. பெரும்பாலோர் சாயம் போட்ட கோழி இறகையும், பண்ணையில் வளர்த்த பறவையின் இறகையும் வைத்து நேர்மையாகக் கட்டுகிறார்கள். ஆனாலும் அந்தத் திருட்டு இறகுக்குக் கேட்ட விலை கொடுத்தவர்கள் இருந்தார்களே!

தையல் நூலுக்காக யாரும் ஜன்னலை உடைப்பதில்லை.

காலுறை நூலும் ஆற்றுக் காவலரும்

இனி ஒரு நல்ல மனிதரின் கதை.

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் என்ற ஜில்லா. அதில் ஏவன் என்ற ஆறு. அந்த ஆற்றுக்குப் பல ஆண்டுகள் காவலராக இருந்தவர் பிராங்க் சாயர். 1906-இல் பிறந்து 1980-இல் மறைந்தவர். ஆற்றைச் சுத்தமாக வைப்பதும், மீன்களைக் காப்பதும் அவர் வேலை.

நாள் முழுவதும் ஆற்றங்கரையில் நடந்ததால், மீன் என்ன தின்கிறது என்று அவர் கண்ணால் பார்த்தார். பூச்சி எப்படி நீந்துகிறது என்று பார்த்தார். பார்த்ததைக் கட்டினார்.

அவர் கட்டிய ஓர் ஈ உலகப் புகழ் பெற்றது. அதற்கு வேண்டியவை இரண்டே பொருள்கள். ஒன்று, பெசன்ட் என்ற வேட்டைப் பறவையின் வால் இறகு. அந்த ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது. மற்றொன்று, மெல்லிய செம்புக் கம்பி. நூலுக்குப் பதிலாக அந்தக் கம்பியாலேயே கட்டினார்! கட்டும் ஆயிற்று, கனமும் ஆயிற்று.

அவருடைய இன்னோர் ஈ அதைவிட எளிமை. அதில் இறகே கிடையாது. கம்பியின்மேல் கம்பளி நூலைச் சுற்றினால் முடிந்தது.

எந்தக் கம்பளி நூல்? ஓட்டை விழுந்த காலுறையைத் தைக்கிற நூல்! 'சாட்விக்ஸ்' என்ற கம்பெனியின் 477-ஆம் எண் நூல். அட்டையில் சுற்றி, தையல் சாமான் கடையில் விற்றார்கள்.

காலுறை தைக்கும் நூலில் மீன் விழுந்ததா? நிறைய விழுந்தது! அந்த ஈக்குப் பெயரே 'கொல்லும் பூச்சி' என்று ஆயிற்று.

இன்று நீளும் தையல் நூலை முள்ளில் சுற்றுகிறவன், சாயர் நடந்த பாதையில்தான் நடக்கிறான். அவர் தையல் பெட்டியைத் திறந்து பார்த்தார். இவனும் திறந்து பார்க்கிறான்.

அங்கேயும் புகுந்தது மோகம்!

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

477-ஆம் எண் நூலை உற்பத்தி செய்வது பிறகு நின்றுபோயிற்று. உடனே என்ன ஆயிற்று தெரியுமா?

"சாயர் கட்டியது அந்த நூலால்தான். அந்த நூல் இல்லாவிட்டால் மீன் கடிக்காது!" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பழைய அட்டைகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். சில்லறைக் காசுக்கு விற்ற காலுறை நூல், பழம்பொருள் விலைக்கு ஏறியது!

சாயர் ஏன் அந்த நூலை எடுத்தார்? அது கைக்கு எட்டியது. நிறம் பொருந்தியது. அவ்வளவுதான். அவருடைய சீடர்களோ, அவர் கண்ணை விட்டுவிட்டார்கள். நூலைப் பிடித்துக்கொண்டார்கள்!

2011-இல் அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. நீண்ட சேவல் இறகைக் கூந்தலில் வைத்துக்கொள்வது திடீரென்று நாகரிகம் ஆயிற்று. தூண்டில் கடைகளுக்குப் பெண்கள் படையெடுத்தார்கள். இறகு தீர்ந்தது. விலை பறந்தது. தூண்டில்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

தையல் நூல் வைத்துக் கட்டத் தெரிந்தவனுக்கு அந்தக் கவலை உண்டா?

இதிலிருந்து தெரிவது என்ன? நோய் இறகில் இல்லை. நூலிலும் இல்லை. மனிதனின் மனத்தில் இருக்கிறது. நாளைக்கே யாராவது, "இந்தக் கம்பெனியின் இந்த நிற நீளும் நூலில்தான் மீன் விழும்" என்று கிளம்பக்கூடும். அன்றைக்கு அந்த நூலையும் விட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் திறப்பதுதான் அறிவுடைமை.

குறையும் உண்டு

நூலின் பக்கம் பேசுவதற்காக, குறையை மறைக்கக் கூடாது.

முதல் குறை: இது பருமனான நூல். மிகச் சிறிய முள்ளுக்கு ஒத்துவராது. முடிச்சுப் போடவும் ஒத்துவராது, தலை பெருத்துவிடும். அதற்கு மெல்லிய கட்டு நூல் வேண்டும். ஆக, உடம்புக்கு இது, முடிச்சுக்கு அது.

இரண்டாவது குறை: இதன் இழைகள் எங்கும் மாட்டிக்கொள்ளும். விரலில் சொரசொரப்பு இருந்தால் பிடித்துக்கொள்ளும். முள்ளின் முனையில் பட்டால் பிரிந்துவிடும். பழகும்வரை பொறுமை வேண்டும்.

மூன்றாவது குறை: மிதக்கும் ஈக்கு இது உதவாது. பஞ்சுபோன்ற நூல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஈ மூழ்கிவிடும். மிதக்கும் ஈக்குச் சேவல் இறகு நல்லது. கறிக்கு அறுத்த சேவலின் இறகை உபயோகிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

நான்காவது குறைதான் பெரியது. நைலான் மக்குவதில்லை! அழுகாது என்பது ஈக்கு நன்மை. ஆற்றுக்கு அது தீமை. கத்தரித்த துண்டுகளை ஆற்றங்கரையில் ஊதிவிட்டால் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பறவையைக் காக்க நூலைப் பிடித்தவன், அந்த நூலாலேயே ஆற்றைக் கெடுக்கலாமா?

ஆகவே வீட்டில் உட்கார்ந்து கட்ட வேண்டும். துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்க்க வேண்டும். குப்பையோடு முறையாகப் போட வேண்டும். பாறையில் சிக்கிய ஈயை முடிந்தவரை எடுத்துவர வேண்டும். அது சிரமம்தான். ஆனால் சிரமப்படாத அன்பு என்ன அன்பு?

கம்பளி நூலே கிடைக்கிறது என்றால் இன்னும் நல்லது. மாசிடோனியா ஜனங்கள் செய்ததுபோல!

மீன் என்ன பார்க்கிறது?

"இருந்தாலும், தையல் நூல் ஈயைப் பார்த்தால் மற்றவர்கள் சிரிப்பார்களே!" என்று சிலர் தயங்குகிறார்கள்.

சிரிக்கட்டுமே! சிரிக்கிறவன் கரையில் நிற்கிறான். கடிக்கப்போவது தண்ணீருக்குள் இருக்கிறது.

மீன் மூன்று விஷயம்தான் பார்க்கிறது. அளவு சரியாக இருக்கிறதா? உருவம் சரியாக இருக்கிறதா? பூச்சி வருகிற மாதிரி வருகிறதா? ஓடும் தண்ணீரில் ஒரு நொடிக்குள் அது முடிவு செய்தாக வேண்டும். தவறவிட்டால் இரை போய்விடும்.

இது எந்தக் கடையில் வாங்கியது என்று அது கேட்பதில்லை. எந்த நாட்டுப் பறவை என்று கேட்பதில்லை. இன்ன விலை என்று சொன்னால் அதற்குப் புரியப்போவதும் இல்லை.

விலை கேட்கிற பிராணி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு இரண்டு கால்!

இங்கே ஏழைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தூண்டில் போட ஆசைப்படும் சிறுவன் ஒருவன், கடைக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டுத் தலை குனிந்து திரும்பினால், அந்தக் கலைக்கு ஒரு கை குறைகிறது. "வீட்டில் அம்மாவின் தையல் பெட்டியைப் பார், அதில் ஏதாவது இருக்கும்" என்று சொன்னால், ஒரு கை கூடுகிறது. ஒரு கலை வளர்வது எதனால்? வாசலை அடைப்பதாலா? திறப்பதாலா?

பெரிய விலை கொடுத்து வாங்கிய இறகை அந்தச் சிறுவன் பயந்து பயந்து தொடுவான். நூல் என்றால் தைரியமாக இழுப்பான். தப்பாகக் கட்டினால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவான். பத்து ஈ கெட்டால் பதினொன்றாவது ஈ நன்றாக வரும். கை அப்படித்தான் பழகும்.

ஆகவே, நீளும் தையல் நூலைக் கேலி செய்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அந்த நூல் எந்தப் பறவையின் கழுத்தையும் அறுக்கவில்லை. எந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடியையும் உடைக்கவில்லை. ஏழை வீட்டுப் பெட்டியிலிருந்து வந்து, மீனின் வாய்வரை போகிறது.

இறகு வேண்டுமா? காட்டில் கூவுகிற சேவலின் கழுத்திலேயே அது இருக்கட்டும். அதற்கு அங்கேதான் அழகு.

முள்ளுக்கு நூல் போதும்!